தொப்பி போடாத விதை: ஏற்காட்டில் தேயிலை நாற்று கெடும்போது எங்கே பார்ப்பது

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நாற்றங்கால் போடத் தெரியாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து இங்கே காபி இருக்கிறது. விதை தேர்வதும் பை நிரப்புவதும் நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் பிள்ளைகளுக்குக்கூடப் பழகிய வேலை. அப்படிப்பட்ட கைகளில்தான் தேயிலை விதை அதிகம் சாகிறது. காபிக்கு நாம் கற்றுவைத்திருக்கும் நல்ல பழக்கங்களில் பாதி, தேயிலைக்குக் கேடு. காபி விதையில் சலித்த சாம்பலைப் பிசறி நிழலில் உலர்த்துகிறோம். தேயிலைக்குச் சாம்பலும் ஆகாது, உலர்த்தலும் ஆகாது. காபித் தோட்டத்துக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு இடுகிறோம். தேயிலைச் செடி சுண்ணாம்பு பட்ட மண்ணில் வெளுத்துப் போகும். இத்தனைக்கும் அந்தக் காக்பர்னின் மகள்தான் 1863இல் கோத்தகிரியில் தேயிலை நட்டவர். தந்தை வழி காபி இங்கே தங்கிவிட்டது, மகள் வழித் தேயிலை நீலகிரியோடு நின்றுவிட்டது.

சில ஆண்டுகளாகக் காபி நிழலின் ஓரத்தில் தேயிலை விதை போட்டு நாற்று எடுத்து வருகிறேன். முதல் முறை போட்டதில் பிழைத்தவற்றை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். என்ன கண்ணில் படுகிறதோ அதை வைத்து என்ன தவறு என்று தேடும் முறையை அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன். நீங்களும் உங்கள் நாற்றின் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் மஞ்சள் இலையைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். சேலம் பக்கத்தில் தேயிலை நாற்றைக் கொல்வதில் அதற்குத்தான் முதல் இடம்.

வாங்கிய விதை பொடிபோல இருக்கிறது

அது தேயிலை விதை இல்லை. இணையத்தில் ‘டீ ட்ரீ’ என்று விற்பது ஆஸ்திரேலியாவின் மெலலூக்கா மரத்தின் விதை. முகப்பருவுக்குத் தடவும் எண்ணெய் அதன் இலையிலிருந்து வருகிறது. தேநீருக்கும் அதற்கும் உறவே இல்லை. தேயிலை விதை சுண்டைக்காய் அளவில், கெட்டியான பழுப்பு ஓட்டோடு, பெரும்பாலும் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஒரு காய்க்குள் ஒன்று முதல் மூன்று விதைகள் இருக்கும். விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

தண்ணீரில் போட்டால் எல்லா விதையும் மிதக்கிறது

மூழ்கும் விதை உயிருள்ளது, மிதப்பது சந்தேகத்துக்குரியது என்பது தேயிலை நாற்றங்காலின் பழைய கணக்கு. உள்ளே பருப்பு நிறைந்திருந்தால் விதை அடியில் போய் உட்காரும். பருப்பு சுருங்கி ஓட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் மிதக்கும்.

எல்லாம் மிதந்தால் உடனே கொட்டிவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். பயணத்தில் சற்றே ஈரம் இழந்த விதைகளில் சில இரவுக்குள் தண்ணீர் குடித்து மூழ்கிவிடும். மறுநாளும் மிதப்பவற்றில் பத்தை எடுத்து ஓட்டை உடைத்துப் பாருங்கள். பருப்பு பால் வெள்ளையாக, கொழுப்பாக, நகத்தால் அழுத்தினால் ஈரம் தெரியும்படி இருந்தால் நம்பிக்கை உண்டு. பழுப்பேறி, சுருங்கி, பழைய எண்ணெய் வாடை அடித்தால் மீதியையும் தூக்கி எறியலாம். அந்த வாடை பொய் சொல்லாது. தேயிலை விதையில் எண்ணெய் நிறைய இருக்கிறது. உயிர் போனதும் முதலில் கெடுவது அதுதான்.

குற்றம் பெரும்பாலும் வழியில் நடந்திருக்கும். நெல், கேழ்வரகு, துவரை எல்லாம் உலர்ந்தால்தான் காக்கும். தேயிலை விதை பலா, மா, ரப்பர் வகையைச் சேர்ந்தது. உலர்ந்தால் போயிற்று. காய் வெடித்துக் கீழே விழுந்து, வெறும் அறையில் துணிப்பையில் கிடந்தால் சில வாரங்களுக்குள் முளைப்புத் திறன் சரிந்துவிடும். எனக்கு வந்த முதல் பார்சல் ஒரு கிடங்கில் பங்குனி வெயிலில் எட்டு நாள் கிடந்தது. பிரித்தபோது விதைகள் பளபளவென்று அழகாக இருந்தன. கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று ஒலித்தன. ஒலித்தால் பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டுக் கழன்றுவிட்டது என்று பொருள். அன்று எனக்கு அது தெரியாது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவர ஆய்வாளர் சீனத்திலிருந்து இமயமலைத் தோட்டங்களுக்குத் தேயிலை அனுப்பியபோதும் இதே தொல்லைதான். காய்ந்த விதை கப்பலிலேயே செத்தது. கண்ணாடிப் பெட்டிகளில் மண்ணை நிரப்பி அதிலேயே விதைத்து அனுப்பினார். அவை கடலிலேயே முளைத்து நாற்றாக வந்து இறங்கின. நமக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. அனுப்புகிறவரிடம் ஈரக் கரித்தூளிலோ, பிழிந்த தென்னை நார்க் கழிவிலோ புதைத்து, ஊசியால் குத்திய பாலித்தீன் பையில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வந்த அன்றே ஊற வையுங்கள். உடனே விதைக்க முடியாவிட்டால், அதே ஈரக் கரித்தூளோடு குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம். உறைபனிப் பெட்டியில் வைக்கக் கூடாது.

ஒரு மாதம் ஆகிறது, மண்ணுக்கு மேல் ஒன்றும் வரவில்லை

எங்கள் வீட்டில் ஐம்பது ஆண்டுகளாகக் காபி நாற்று எடுக்கும் பெரியம்மா இருக்கிறார். நான் தேயிலை விதை போட்ட ஐந்தாவது வாரம் பாத்தியின் அருகே குந்தி உட்கார்ந்து, “தொப்பி எங்கே?” என்று கேட்டார். காபி விதை முளைக்கும்போது விதையையே தலையில் தூக்கிக்கொண்டு, தொப்பி போட்ட சிப்பாயைப்போல வரிசையாக எழுந்து நிற்கும். அந்தக் காட்சிக்காகவே காத்திருந்து பழகிய கண் அது. தொப்பி வராததால் விதை செத்துவிட்டது என்று முடிவுகட்டி, விரலால் கிளறத் தொடங்கினார். நானும் சேர்ந்து கிளறினேன். வெளியே வந்த ஒவ்வொரு விதையிலும் வெண்ணிற வேர் நான்கு விரல்கடை நீளத்துக்கு இறங்கியிருந்தது. பாதியை எங்கள் கையாலேயே முறித்துவிட்டோம்.

தேயிலை தொப்பி போடாது. அதன் விதையிலைகள் இரண்டும் ஓட்டோடு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். முதலில் ஆணிவேர் கீழே போகும், பல நாள் கழித்துத்தான் தண்டு மேலே வரும். அதனால் மேலே ஒன்றும் தெரியாத காலம் நீண்டது. நான்கு வாரம் முதல் எட்டு வாரம் வரை எடுக்கும். ஒரே காயின் விதைகள்கூட ஒன்றாக முளைக்காது. மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டு இரவுக் குளிரில் இன்னும் தாமதமாகும்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு நாற்றங்கால்காரர்கள் கையாளும் வழி ஒன்று இருக்கிறது. மூழ்கிய விதைகளை நேராகப் பையில் போடாமல், நிழலில் ஐந்து சென்டிமீட்டர் ஆற்று மணல் பரப்பி, அதன்மேல் விதைகளை ஒரே அடுக்காக அடுக்கி, மேலே இரண்டு விரல் மணல் மூடி, ஈரச் சாக்கு போர்த்துங்கள். லீ பஜாரில் கிடைக்கும் பழைய சணல் சாக்கு போதும், ஆனால் உப்பு மூட்டை கட்டிய சாக்கு வேண்டாம். நான்கு நாளைக்கு ஒருமுறை சாக்கைத் தூக்கி மேல் மணலை மெல்ல விலக்கிப் பாருங்கள். ஓடு விரிசல் விட்ட விதையை மட்டும் பொறுக்கிப் பைக்கு மாற்றுங்கள். வேர் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும்வரை விட்டுவிடாதீர்கள். இதில் முளைக்காத பைக்கு மண்ணும் தண்ணீரும் வீணாவதில்லை, கிளறிப் பார்க்கும் ஆசையும் அடங்கும்.

மூன்று மாதம் ஆகியும் விரிசல் விடாத விதையை உடைத்துப் பாருங்கள். இன்னும் வெள்ளையாக இருந்தால் மணல் போதிய ஈரத்தோடு இல்லை, அல்லது குளிர் அதிகம்.

மணலில் வெள்ளைப் பூஞ்சை, கெட்ட வாடை

செத்த விதையின் எண்ணெயைப் பூஞ்சை தின்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல விதைக்கும் தொற்றும். பூஞ்சை பிடித்தவற்றை எடுத்து எறிந்து, மற்றவற்றைக் கழுவி, புதிய மணலில் வையுங்கள். மணலைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஆனால் விரலிடையே நீர் வழியக் கூடாது. மூழ்கும் சோதனை செய்யாமல் போட்டவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

வேர் வந்தது, தண்டு கோணலாக வருகிறது அல்லது வரவே இல்லை

விதையில் சிறு கண் போன்ற புள்ளி ஒன்று இருக்கும். வேர் அங்கிருந்துதான் வெளியே வருகிறது. அந்தக் கண் வானத்தைப் பார்க்கும்படி புதைத்தால் வேர் மேலே வந்து, வளைந்து, கீழே திரும்ப வேண்டும். அந்த வளைவு செடியின் ஆயுள் முழுக்க அப்படியே நிற்கும். கண்ணைப் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ வைத்து, இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். விரிசல் விட்ட விதையை மாற்றும்போது வேர் நேராகக் கீழே போக விரலால் குழி இடுங்கள். திணிக்க வேண்டாம். வேர் நுனி முறிந்ததைத் தனியே ஒதுக்குங்கள். சில பிழைக்கும், ஆனால் ஆணிவேர் இல்லாமல் கிளைவேரோடு வளரும்.

இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

நாற்று ஐந்தாறு இலை விட்டு நன்றாக வரும். பிறகு புதிதாக வரும் கொழுந்து வெளுக்கத் தொடங்கும். கீழ் இலை பச்சையாகவே இருக்கும். அடுத்த கொழுந்து எலுமிச்சை மஞ்சள், அதற்கடுத்தது கிட்டத்தட்ட வெள்ளை, நுனி கருகல். உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போடுவோம், இன்னும் வேகமாக வெளுக்கும்.

செடிக்கு இரும்புச் சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, நம் செம்மண் சிவந்திருப்பதே இரும்பால்தான். மண்ணின் புளிப்பு குறைந்துவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. தேயிலைக்கு மண்ணின் பி.எச். அளவு (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். காபிக்கு 6ஐ ஒட்டி இருந்தால் நல்லது என்று சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்கிறோம். அங்கேயே தேயிலைக்குக் கதவு அடைபடுகிறது.

புளிப்பைக் கெடுத்தது எது என்று தேடுங்கள். நான் கண்ட வரிசையில் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சியில் இருக்கும் என் மாமாவுக்கு ஏற்காட்டிலிருந்து முப்பது நல்ல நாற்றுகளைக் கொடுத்தேன். மண்ணும் மலையிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுபோனதுதான். மூன்று மாதத்தில் அத்தனையும் வெளுத்தன. “மாப்பிள்ளை, தினமும் தவறாமல் தண்ணீர் விட்டேனே” என்றார். அதுதான் காரணம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கருப்பூர்ப் பக்கம் மாக்னசைட் என்னும் மெக்னீசியக் கனிமம் வெட்டும் வெள்ளைக்கல் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு மலையடிவாரத்து நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அடிவாரத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் மெக்னீசியமும் சுண்ணமும் கார்பனேட்டும் சுமந்து வருகிறது. ஒவ்வொரு குவளையும் பைக்குள் சிறிது காரத்தைச் சேர்த்துவிட்டுப் போகிறது. பெரிய தோட்டத்தில் மழை அதைக் கழுவிவிடும். ஒரு கிலோ மண் இருக்கும் பையில் மூன்று மாதத்தில் நிலைமை தலைகீழாகிவிடும்.

உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அந்தத் தண்ணீர் தேயிலைக்கு வேண்டாம். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. மற்ற செடி எப்படியோ போகட்டும், தேயிலைக்கு அதை ஊற்றவே கூடாது. உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்த நீரில்தான். குளிரூட்டும் இயந்திரம் வடிக்கும் நீரில் உப்பு இல்லை, அதைச் சேர்த்து வைத்து ஊற்றலாம். எல்லாவற்றையும்விட மழைநீர் சிறந்தது. பத்து சதுர மீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் கிடைக்கும். நூறு நாற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நூறு மில்லி வீதம் ஊற்றினால் அந்த ஒரு மழை இருபது நாளுக்கு வரும். சேலத்தில் இருப்பவர்களும் ஐப்பசியில் இரண்டு பீப்பாய் நிரப்பிக்கொண்டால் கோடையின் முன்பகுதியைக் கடத்திவிடலாம்.

இரண்டாவது, காபித் தோட்டத்து மேல்மண். காட்டு மண்தானே என்று நிழல்மரத்தடியில் அள்ளுவோம். அந்த மண்ணில் பல ஆண்டுச் சுண்ணாம்பு இருக்கிறது. காபியின் இலைத்துருவுக்கும் கருப்பு அழுகலுக்கும் அடிக்கும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான். இலையிலிருந்து சொட்டியதெல்லாம் அடியில் சேர்ந்திருக்கும். தோட்டத்துக்கு வெளியே, பெரணி அடர்ந்து வளரும் சரிவில், மேலே கிடக்கும் மக்கை ஒதுக்கிவிட்டு ஒரு முழத்துக்குக் கீழே உள்ள செம்மண்ணை எடுங்கள். உங்கள் நிலமாகவோ அனுமதி பெற்ற நிலமாகவோ இருக்கட்டும். காப்புக்காட்டு மண்ணைத் தொடக் கூடாது. சேர்வராயனின் உயரப் பகுதிகளில் பாக்சைட் படிவு இருப்பது தெரிந்ததே. அலுமினியம் மிகுந்த அப்படிப்பட்ட புளிப்பு மண்ணில் பல செடிகள் திணறும், தேயிலையோ அந்த அலுமினியத்தை முற்றிய இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு செழிக்கும். மலைக்குப் பொருந்திய செடி என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

மண்ணுக்கு எளிய சாட்சி ஒன்று உண்டு. ஏற்காட்டு வீட்டுத் தோட்டங்களில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா நீலமாக இருந்தால் அந்த மண் புளிப்பானது. இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே தேயிலைக்கு மண் எடுக்காதீர்கள். வெள்ளைப் பூ வகை எதையும் சொல்லாது. மண்ணின் மேல் சமையல் வினிகரை ஊற்றி நுரைக்கிறதா என்றும் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணம் இருக்கிறது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தையோ அணுகிக் கேளுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் பக்கத்தில்தான்.

மூன்றாவது, சாம்பல். அடுப்புச் சாம்பல் சத்து என்று அள்ளித் தூவும் கை நம்முடையது. கத்தரிக்கும் வாழைக்கும் அது சரி. கென்யாவின் தேயிலைத் தோட்டங்களில் முன்பு குடிசையும் அடுப்பும் இருந்த இடங்களில் மட்டும் திட்டுத்திட்டாகத் தேயிலை மஞ்சளித்து நிற்பது அங்குள்ளவர்கள் நன்கு அறிந்த சங்கதி. பல ஆண்டுக்கு முன் எரிந்த அடுப்பின் சாம்பல் அப்போதும் வேலை செய்கிறது. முட்டை ஓடும் இந்தக் கணக்கில்தான் சேரும். செங்கல் தூள், பழைய காரைத் துண்டு கலந்த மண்ணும் அப்படியே.

வெளுத்த நாற்றை மீட்க முடியுமா? கொழுந்து வெள்ளையாகாமல் மஞ்சளாக இருக்கும்போதே கண்டால் முடியும். தண்ணீரை இன்றே மாற்றுங்கள். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து மாலையில் இலைமீது தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும். அது தலைவலி மாத்திரைபோலத்தான், மண் மாறாவிட்டால் அடுத்த கொழுந்து மறுபடி வெளுக்கும். கந்தகத் தூள் மண்ணைப் புளிக்க வைக்கும், ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றித் தர மாதக்கணக்கில் ஆகும். வருங்கால நடவுக் குழிக்கு அது உதவும், இன்று வெளுத்து நிற்கும் நாற்றுக்கு உதவாது. என் அனுபவத்தில், பையைக் கிழித்து, வேர்க்கட்டி உதிராமல் நல்ல செம்மண்ணுள்ள பெரிய பைக்கு மாற்றி மழைநீர் விடுவதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது.

வேறு விதமான மஞ்சள்

கீழ் இலையிலிருந்து முழு இலையும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து குறைவு. அம்மோனியம் சல்பேட்டை லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து, நாற்று நான்கு இலை விட்ட பிறகு மாதம் இரு முறை மண்ணில் ஊற்றலாம். அது மண்ணின் புளிப்பையும் காக்கும். கீழ் இலையில் நரம்பிடை மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. மலை மேல் இது வரலாம். வெள்ளைக்கல் அடிவாரத்தில் மெக்னீசியத்துக்குப் பஞ்சம் இருக்காது, அங்கே இதற்கு மருந்து தேடாதீர்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, நாற்று வாடுகிறது

வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவது முதல் தவறு. ஒரு நாற்றைத் தியாகம் செய்து பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் கருத்து, தோல் உருவினால் கழன்று வந்தால் நீர் தேங்கி அழுகியிருக்கிறது. பையின் அடியிலும் பக்கத்திலும் துளை போதவில்லை, அல்லது மண்ணில் மணல் போதவில்லை. மூன்று பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணல் என்பது என் அளவு, களி மிகுந்த மண்ணாக இருந்தால் மணலைக் கூட்டுங்கள். தொழு உரம் பைக்குள் வேண்டாம்.

வேர் கடிபட்டுக் குட்டையாக இருந்தால் வெண்புழு. வளைந்த உடலும் பழுப்புத் தலையும் கொண்ட அந்தப் புழு மக்காத சாணத்தோடு வருகிறது. மண்ணைச் சலித்துப் பொறுக்குவதைத் தவிரச் சிறந்த வைத்தியம் எனக்குக் கிடைக்கவில்லை.

வேரில் சிறு முடிச்சுகள் கண்டால் நூற்புழு. முதிர்ந்த தேயிலை இந்த முடிச்சுப் புழுவைத் தாங்கிக்கொள்ளும், இளம் நாற்றால் முடியாது. காய்கறித் தோட்டத்து மண்ணில்தான் இது பதுங்கியிருக்கும். பை நிரப்பும் முன்பே அறிய வழி இருக்கிறது. அந்த மண்ணில் நான்கு வெண்டை விதை போட்டு, ஒரு மாதம் கழித்துப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெண்டையின் வேரில் முடிச்சு இருந்தால் அந்த மண்ணைத் தேயிலைக்குப் பயன்படுத்தாதீர்கள். வேறு மண் கிடைக்காதவர்கள், சித்திரை வெயிலில் மண்ணை ஈரமாக்கி ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் இறுக்கி மூடி ஆறு வாரம் விடுங்கள். சேலத்து வெயில் உதவும் ஒரே இடம் இது.

இலை கருகுகிறது, சிவக்கிறது

நிழல்வலையை ஒரே நாளில் கழற்றியிருந்தால் மேல் இலையில் காகிதம்போல வெளுத்த தழும்பு விழும். முதல் மூன்று மாதம் பாதிக்கு மேல் நிழல் வேண்டும். பிறகு ஆறு வாரத்தில், காலை வெயிலில் தொடங்கி, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். ஓரம் மட்டும் கருகினால் உரமோ உப்போ மிகுந்துவிட்டது, நல்ல நீரை ஊற்றி வடியவிடுங்கள். மாசி முதல் சித்திரை வரை இலை செம்புநிறமாகி, அடியில் நுண்ணிய தூசு ஊர்வதுபோலத் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தில் படும்படி அதிகாலையில் விசையோடு நீர் தெளித்தாலே பெருமளவு அடங்கும். தூசி பறக்கும் பாதையோரம் நாற்றங்கால் வைக்காதீர்கள். நீலகிரியையும் வால்பாறையையும் வாட்டும் கொப்புள நோய் மழைக்காலத்தில் இளம் இலையில் ஒளி ஊடுருவும் புள்ளியாகத் தொடங்கி அடியில் வெண்கொப்புளமாகும். நம் மலையில் தேயிலை அடர்ந்த தோட்டங்கள் இல்லாததால் அந்தப் பயம் குறைவு. ஆனால் அங்கிருந்து இலையோடு கூடிய செடியைக் கொண்டுவருகிறவர்கள் அதையும் கொண்டுவரலாம். விதையாகக் கொண்டுவாருங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

நன்றாக வந்த நாற்று அப்படியே நிற்கிறது

இரண்டு காரணங்களில் ஒன்று. நுனி மொட்டு சிறுத்து மூடிக்கொண்டிருந்தால் அது உறக்கம். தேயிலை இடைவிடாமல் வளர்வதில்லை. சில இலைகளை விடும், சில வாரம் ஓயும், மறுபடி விடும். தொந்தரவு செய்யாதீர்கள். இரண்டு மாதத்துக்கு மேல் உறங்கினால் பையின் அடியைப் பாருங்கள். ஆணிவேர் அடியை எட்டிச் சுருண்டு கிடக்கும். காபிக்கு வாங்கிய குட்டைப் பையில் போட்டதன் விளைவு இது. தேயிலைக்கு அகலம் பத்து சென்டிமீட்டர் போதும், உயரம் முப்பது வேண்டும். சுருண்ட நுனியைக் கூர்மையான கத்தியால் வெட்டிவிட்டு உயரமான பைக்கு மாற்றுங்கள். சுருளோடு நடப்பட்ட செடி, ஒரு கோடையில் திடீரென்று சாயும்.

நிலத்தில் நட்டதும் சாகிறது

ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வளர்ந்த, பென்சில் பருமன் தண்டுள்ள நாற்றைத்தான் நட வேண்டும். ஆனி, ஆடி மழை பிடித்த பிறகு நடுவது எனக்குக் கைகொடுத்தது. ஐப்பசியில் நட்டவை வேர் பிடிப்பதற்குள் தை மாதத்து வறட்சி வந்துவிடுகிறது. நடும்போது பையை மட்டும் கிழியுங்கள், மண்கட்டி உடையக் கூடாது. குழிக்குள் சுண்ணாம்போ சாம்பலோ போடும் பழக்கம் உள்ள ஆளிடம் நடவு வேலையை ஒப்படைத்தால் கூடவே நில்லுங்கள். சுற்றிலும் சில்வர் ஓக் சருகால் மூடாக்குப் போட்டு, தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடம் விடுங்கள். குரங்குகள் புதிதாக நட்டதைப் பிடுங்கிப் பார்க்கும். முள் கிளை நட்டு வைப்பதைத் தவிர வழியில்லை.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு செடிபோல் இன்னொன்று இல்லை

ஒன்றுக்கு அகன்ற இலை, ஒன்றுக்கு விரல்போல ஒடுங்கிய இலை, ஒன்றின் கொழுந்து சற்றே சிவப்பு. இதில் பிழை ஒன்றும் இல்லை. தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது மிக அரிது, அதனால் ஒவ்வொரு விதையும் வேறொரு தந்தைக்குப் பிறந்த பிள்ளை. ஒரே சீரான தோட்டம் வேண்டுகிறவர்கள் குச்சி வெட்டி நடுகிறார்கள். நம் மலைக்கு எது ஒத்துவரும் என்று இன்னும் முடிவாகாத நிலையில், இந்த வேறுபாடுதான் நமக்குக் கிடைக்கும் தேர்வு. குட்டையானதைக் களைந்துவிட அவசரப்படாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதிய தகடு கட்டுங்கள். எது பங்குனி வறட்சியைத் தாங்கியது, எதன் கொழுந்து முதலில் விட்டது, எதை சிவப்புச் சிலந்தி தொடவில்லை என்று மூன்று ஆண்டு குறித்து வையுங்கள். அதில் தேறும் நான்கைந்து செடிகளைக் கத்தரிக்காமல் ஓரத்தில் மரமாக வளரவிடுங்கள். பூத்து ஏறத்தாழ ஓராண்டில் காய் முற்றும். காய் வெடிக்கும் முன்பே மரத்தடியில் ஈரச் சாக்கை விரித்து வைத்துவிடுங்கள்.